மீன் வளர்ப்பு அடுக்கில் ஒரு புத்தகம்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பெருங்களத்தூர் ஸ்டேஷன் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் இரண்டின் மேலும் சந்தேகம் வரும். நாங்கள் பீர்க்கன்கரணையில் குடியேறிய புதிதில் என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னாள்: "இவரு கண்ணாடி முன்னாடி நின்னாலே, யாருய்யா நீன்னு கேப்பாரு." அந்த அம்மா சிரித்தார். எதற்காக அவ்வளவு சத்தமாகச் சிரித்தார் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

இப்படிப்பட்டவன் அரசியல் தத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தால் என்ன தலைப்பை எடுப்பான்? நான் எடுத்தது அவநம்பிக்கையை. அரசை மக்கள் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது கேள்வி. எண்பதுகளின் கடைசியில் மேல்நாட்டு அறிஞர்கள் இதைப் பற்றிக் கட்சி பிரிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் காகிதம்தான், மக்களைச் சேர்த்து வைத்திருப்பதே அதுதான் என்றது ஒரு கட்சி. தேர்தல், தணிக்கை, நீதிமன்றம், எதிர்க்கட்சி எல்லாமே ஆள்பவனை நம்பக்கூடாது என்பதால் கட்டப்பட்டவைதானே என்றது இன்னொரு கட்சி. நான் யோசிக்காமல் இரண்டாவது கட்சியில் சேர்ந்தேன். நம்பிக்கை என்பது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை, நிரூபித்து வாங்குகிற பொருள் என்று முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே எழுதினேன். அந்த வரியின் மேல் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

நான் பாடம் நடத்திய கல்லூரி தாம்பரத்தைத் தாண்டி இருந்தது. பெயர் வேண்டாம். அங்கேயே பகுதிநேர ஆராய்ச்சி. என் கைடு எங்கள் துறைத் தலைவர், என்னைவிட ஆறேழு வயது மூத்த பெண்மணி. பஞ்சாயத்து நிர்வாகத்தில் பட்டம் வாங்கியவர். கூடுவாஞ்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் வெயிலில் அலைந்து, கிராமசபைக் கூட்டங்களில் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று எழுதி வாங்கிய பட்டம். தத்துவத்துக்கு வேறு ஆள் இல்லாததால் பல்கலைக்கழகம் என்னை அவரிடம் தள்ளிவிட்டது. அதிகம் பேச மாட்டார். நான் அத்தியாயம் கொண்டுபோய்க் கொடுத்தால், "வச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்பார். அவ்வளவுதான். அவருக்கு இதில் என்ன தெரியும் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

கல்லூரி நூலகத்தில் என் துறைக்கான புதுப் புத்தகங்கள் மொத்தமே இரண்டு தட்டுகளில் அடங்கும். ஒவ்வொன்றும் ஒரே பிரதி. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரையாகக் குத்தி, பக்கத்தில் உறுப்பினர் எண்ணைப் பேனாவால் எழுதுவார்கள். என் எண் 266. ஒருநாள் முன்பு படித்த புத்தகம் ஒன்றை மறுபடி எடுக்கப் போனபோது, என் எண்ணுக்குக் கீழே 417 என்று இருந்தது. சரி, யாரோ படிக்கிறார்கள் என்று விட்டேன். அடுத்த புத்தகத்திலும் 266-க்குக் கீழே 417. அதற்கடுத்ததிலும். இரண்டு தட்டையும் இறக்கிப் பார்த்தேன். நான் எடுத்த பதினோரு புத்தகங்களில் ஒன்பதில், நான் திருப்பிக் கொடுத்த அதே வாரத்தில் 417 எடுத்திருந்தார். நான் தொடாத புத்தகங்களை அவரும் தொடவில்லை.

யாரோ என் தலைப்பையே எடுத்து ஆராய்ச்சி செய்கிறார் என்று முடிவு கட்டினேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது புரியும். ஒரே தலைப்பில் இன்னொருவர் முந்திக்கொண்டு சமர்ப்பித்துவிட்டால் நம்முடையதைப் புதியது என்று எவரும் ஏற்க மாட்டார்கள். ஐந்து வருட உழைப்பு எடைக்குப் போடுகிற காகிதமாகிவிடும். பட்டம் இல்லாவிட்டால் எனக்குப் பதவி உயர்வும் இல்லை.

நூலகத்தில் அட்டெண்டர் ஒருவர் இருந்தார். கீழ்க்கட்டளைக்காரர். அவர் குடும்பம் அங்கே ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். நிலம் மனையானபின் இந்த வேலைக்கு வந்தார். புத்தகம் அடுக்குவது, தூசி தட்டுவது, முத்திரை குத்துவது எல்லாம் அவர்தான். அவரிடம் நைசாக விசாரித்தேன்.

"அந்த நானூத்திப் பதினேழு யாருப்பா?"

"ரிஜிஸ்டரு லைப்ரரியன் பீரோல கீது சார். என்னாண்ட நம்பருதான் கீது, பேரு இல்ல."

"ஆளைப் பார்த்திருப்பியே?"

"எத்தினி பேரு வர்றாங்க, போறாங்க. நீங்ககூடத்தான் வர்றீங்க. உங்க பேரை யாருனா கேட்டா சொல்லிடட்டா?"

நியாயமான பதில். நியாயமாக இருந்ததாலேயே இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து நான் செய்த காரியங்களை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அத்தியாயங்களைத் தட்டச்சு செய்யக் கொடுத்தால், தட்டச்சு செய்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கார்பன் தாள்களைக்கூட எண்ணி வாங்கி வந்தேன். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரு பிரதியை உறையில் போட்டு, அரக்கு வைத்து, என் விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டேன். பிரிக்காமல் வைத்திருந்தால் தபால் முத்திரைத் தேதியே சாட்சி, நாளைக்கு வழக்கு வந்தால் நீதிபதி முன்னால் உடைக்கலாம் என்று எங்கள் வட்டாரத்து ஆராய்ச்சி மாணவர்கள் மத்தியில் ஒரு பழக்கம் இருந்தது. தபால்காரர் மூன்றாவது உறையைக் கொடுக்கும்போது, "அனுப்பினவர் பேரும் உங்க பேரு, வாங்கறவர் பேரும் உங்க பேரு. நேர்லயே குடுத்துக்கலாமே சார்" என்றார். மனைவி உள்ளே போய்ச் சிரித்தாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். நமக்கு மிகவும் தேவையான புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனால் இரண்டு வாரத்தில் திருப்பித் தரவேண்டும். அதனால் எடுத்துப்போகாமல், நூலகத்துக்குள்ளேயே வேறு யாரும் போகாத அடுக்கில் ஒளித்து வைத்துவிடுவது. வேண்டும்போது வந்து எடுத்துப் படிக்கலாம். மற்றவர்களுக்கு அந்தப் புத்தகம் இல்லை. திருட்டும் இல்லை என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

என் நான்காவது அத்தியாயம் முழுக்க ஒரு கட்டுரைத் தொகுப்பை நம்பி நின்றது. ஆட்சியையும் நம்பிக்கையையும் பற்றிப் பத்துப் பேர் எழுதிய கட்டுரைகள். கப்பலில் வந்த பிரதி, சென்னையில் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அதை அதுவரை வாசிக்கும் அறையிலேயே உட்கார்ந்துதான் படித்தேன், தாளில் எண் விழவே விடவில்லை. அத்தியாயத்தைக் கைடு மேடத்திடம் கொடுத்த அன்று பிற்பகல், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூலகத்தின் கடைசி வரிசைக்குப் போனேன். விலங்கியல் பிரிவில் நன்னீர் மீன் வளர்ப்பு பற்றி எப்போதோ வாங்கிப் போட்ட கனமான தொகுதிகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால், சுவரை ஒட்டிப் படுக்க வைத்தேன். பக்கத்து வரிசையில் யாரோ புத்தகங்களைத் தட்டித் தூசி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் ஒரு மீன் புத்தகத்தை உருவிப் படம் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு மேடத்திடமிருந்து பதிலே வரவில்லை. முதல் மூன்று அத்தியாயங்களை ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தவர், நான்காவதை வைத்துக்கொண்டே இருந்தார். மூன்று மாதம் ஆயிற்று. கேட்டால், "இன்னும் முடியல" என்பார். ஆறாவது மாதம் திடீரென்று ஒருநாள் கேட்டார்: "அந்தத் தொகுப்பு உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

எதற்குக் கேட்கிறார்? எனக்குள் மணி அடித்தது. "ஒரு நண்பர் மூலமா பார்த்தேன் மேடம். திருப்பிக் குடுத்துட்டேன்."

"நம்ம லைப்ரரி கேட்லாக்ல கார்டு இருக்கே."

"அப்படியா? கவனிக்கலை மேடம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். நான் வெளியே வந்தபோது எல்லாம் எனக்கு விளங்கிவிட்டதாக நினைத்தேன். 417 இவருக்கு வேண்டிய ஆள். என் அத்தியாயம் அந்த ஆளிடம் இருக்கிறது. மூலப் புத்தகம் மட்டும் கிடைத்தால் வேலை முடிந்துவிடும், அதைத்தான் என் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார். வீட்டில் சொன்னபோது மனைவி, "அவங்களுக்கு அது புரியலையோ என்னமோ, படிச்சுப் பாக்கணும்னு கேட்டிருப்பாங்க" என்றாள். உலகம் தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நூலக அட்டெண்டரைச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள். காலையில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் தகரக் கூரைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மாணவர்களுக்கு ஆளுக்கொரு தகர டோக்கன் கொடுத்து, சாயங்காலம் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் சைக்கிளை விடுவார். ஆசிரியர்களுக்கு டோக்கன் கிடையாது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். ஏதோ தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டிருக்கிறான், 417-க்குத் துப்புச் சொன்னவனும் இவனாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் அவர் முகத்தைப் பார்க்காமல் போவேன். மாதக்கணக்கில் அப்படிப் போனேன்.

என் பதிவுக்காலம் முடியப் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் கைடு கையெழுத்துப் போடாவிட்டால் பதிவு ரத்து, மறுபடி முதலிலிருந்து. சண்டை போடுவது என்று தீர்மானித்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சைக்கிள் மிதிக்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன்.

நான் வாயைத் திறக்கும் முன் அவர் அத்தியாயத்தை என் பக்கம் தள்ளினார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருந்தது.

"மன்னிச்சுக்குங்க, ரொம்ப லேட் பண்ணிட்டேன்" என்றார். "எனக்கு இந்த சப்ஜெக்ட் தெரியாது. உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு. கைடுன்னு உக்காந்துட்டு ஒண்ணும் தெரியலைன்னு எப்படிச் சொல்றது? அதனால நீங்க எடுக்கிற புக்கையெல்லாம் உங்களுக்குப் பின்னாடியே எடுத்துப் படிச்சேன். படிச்சுட்டுத்தான் ஒவ்வொரு சாப்டருக்கும் கையெழுத்துப் போட்டேன். இந்த ஒரு புக்கு மட்டும் கிடைக்கவே இல்ல. படிக்காமப் போடக்கூடாதுன்னு எட்டு மாசம் தேடிட்டேன். இதுக்கு மேல உங்களைக் காக்க வைக்கறது தப்பு."

"மேடம், உங்க மெம்பர் நம்பர்..."

"நானூத்திப் பதினேழு. ஏன்?"

நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"நீங்க எழுதியிருக்கறது அந்தப் புக்குல இருக்கும். இல்லாததை எழுத மாட்டீங்க. அந்த நம்பிக்கைலதான் போட்டிருக்கேன்" என்றார்.

எட்டு மாதம் தாமதம் என்று நான் பொருமியது, நான் ஒளித்த புத்தகத்தை அவர் தேடிய எட்டு மாதம். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவமானத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. கையெழுத்து வந்துவிட்டதே. மறுநாள் காலை நூலகம் திறந்ததும் ஆளில்லாத நேரத்தில் மீன்களுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து அதனுடைய இடத்தில் வைத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

சில மாதங்களில் வாய்மொழித் தேர்வும் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நான்காவது அத்தியாயத்தைத்தான் பாராட்டினார். முடிந்து எல்லோரும் வடையும் காப்பியுமாக நின்றபோது மேடம் என் பக்கத்தில் வந்தார்.

"அந்தத் தொகுப்பு கிடைச்சிருச்சு தெரியுமா? ஷெல்ப்லயே இருக்கு. போன வாரம்தான் எடுத்தேன்."

"அப்படியா மேடம்."

"எனக்கு ஒரே உறுத்தல். கேட்லாக்ல கார்டு இருக்கு, புக்கு இல்ல, கேட்டா அட்டெண்டர் தெரியாதுங்கறார். அவர்தான் வெளில யாருக்கோ குடுத்துட்டார்னு எழுதிக் குடுத்துட்டேன். அதனாலதான் அவரைச் சைக்கிள் ஸ்டாண்டுல போட்டாங்க. சர்வீஸ் புக்குலயும் ஏத்திட்டாங்க. யாரோ பையன் எங்கயாவது சொருகி வச்சிருப்பான், இல்ல?"

"இருக்கும் மேடம்" என்றேன். வடை கையிலேயே இருந்தது.

மாலை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். மாணவர்கள் எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். அவர் டோக்கன்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் நின்று, அந்தப் புத்தகத்தை ஒளித்தது நான்தான் என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கோப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் சார்."

"தெரியுமா?"

"மீன் புக்குக்குப் பின்னாடி வச்சீங்க. பக்கத்து வரிசைல நாந்தான் தூசி தட்டிகினு இருந்தேன். திரும்பிப் பாத்தீங்க, நான் தெரியல உங்களுக்கு."

"அப்புறம் ஏன் சொல்லலை? உங்க மேலதானே பழி வந்துச்சு?"

இப்போது நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை, கணக்கு வராத மாணவனைப் பார்க்கிற பார்வை.

"இன்னான்னு சொல்றது? புரொபசரு புக்கை ஒளிச்சு வச்சாருன்னா? உங்களைக் கூப்ட்டு கேப்பாங்க. நீங்க இல்லைம்பீங்க. அந்த எடத்துல போய்ப் பாத்தா புக்கு இருக்கும். இவன்தான் வச்சிட்டு அவரு மேல போடறான்னு வேலையையே காலி பண்ணியிருப்பாங்க. இப்ப இன்னா, மாத்தல்தானே பண்ணாங்க. நான் சொன்னா யாரு சார் நம்புவாங்க?"

முன்னூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியிருந்தேன். ஆள்பவரை மக்கள் சந்தேகப்பட வேண்டும் என்று எத்தனை வாதம், எத்தனை அடிக்குறிப்பு! சந்தேகம் கிடைத்த முதல் வாய்ப்பில் கீழே இருப்பவன் தலையில் போய் விழும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அட்டெண்டர் என்னைச் சரியாகவே எடை போட்டிருந்தார்.

மறுநாள் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் அலமாரியிலிருந்து என் ஆய்வேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

"நம்பிக்கை கேட்டு வாங்கற பொருள் இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியை எடுக்கச் சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "நல்லவேளை, சொல்லல. உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

அன்றே அவர் புகாரைத் திரும்பப் பெற்று எழுதினார். நானும் என் கையால் ஒரு கடிதம் எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, பட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடம் அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை என்னோடு நன்றாகவே பேசினார், ஆனால் நான் சொன்ன எந்தத் தகவலையும் இன்னொரு இடத்தில் சரிபார்க்காமல் விடமாட்டார். அட்டெண்டரின் சர்வீஸ் புத்தகத்தில் இருந்ததை அடித்தார்கள். மறுபடி நூலகத்துக்கே வரச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார்.

"வேணாம் சார். இனிமே அங்க எந்த புக்கு காணாப்போனாலும் மொதல்ல என் மூஞ்சியைத்தான் பாப்பாங்க. இங்கன்னா டோக்கன் கீது" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, என் சைக்கிள் ஹேண்டில் பாரில் ஒரு டோக்கனை மாட்டி, அதன் ஜோடியை என் கையில் கொடுத்தார்.

கல்லூரியில் அத்தனை ஆசிரியர்களும் டோக்கன் இல்லாமல் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டு போவார்கள், அவர் சலாம் வைப்பார். என்னிடம் மட்டும் கையை நீட்டுவார், ஜோடி சரியா என்று பார்த்துவிட்டு டோக்கனை மறுநாளுக்காக என்னிடமே திருப்பித் தருவார். ஒருநாள் சட்டையை மாற்றிப் போட்டதில் டோக்கனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அவருக்கு என்னையும் தெரியும், என் சைக்கிளையும் தெரியும். "டோக்கன் இல்லாம எப்டி சார்?" என்றார். நான் பீர்க்கன்கரணைக்கு நடந்து போய் எடுத்து வந்தேன்.